டார்க் திரில்லர் முதல் வரைவு: யாரிடம், எந்த வரிசையில் காட்டுவது?

கருக்கல்:
நெல்லையில் நடக்கும் டார்க் திரில்லர் நாவல் எழுதுகிறேன். முதல் வரைவு 62,000 சொல்லில் முடிந்திருக்கிறது. பாளையங்கோட்டையில் மாதம் ஒருமுறை கூடும் எழுதுகிறவர்கள் ஏழு பேரிடம் கருத்துக் கேட்க வேண்டும். முழுசையும் எல்லாருக்கும் அனுப்பிவிடலாமா? சித்திரவதைக் காட்சிகளை எப்படிக் கொடுப்பது? கதையை யாராவது சுட்டுவிட்டால்? தொடக்கம் கீழே. தயவுதாட்சண்யம் பார்க்காமல் கிழியுங்கள். கதை நடப்பது 2025இல்.

‘சித்திரை அமாவாசை. நடுநிசி. குறுக்குத்துறைப் படித்துறையில் டி.எஸ்.பி. நின்றிருந்தார். இரண்டு மணி நேரத்துக்கு முன் கழுத்து நெரிக்கப்பட்டு ஆற்றில் வீசப்பட்ட உடல், கட்டையாக விறைத்து, நிலா வெளிச்சத்தில் கோரமாக மிதந்துகொண்டிருந்தது. “செக்‌ஷன் 302 போடு. ராத்திரியே போஸ்ட்மார்ட்டம் முடிச்சிரணும் மக்கா” என்றார்.’

வடலி:
அமாவாசையில் ஏதுவே நிலா வெளிச்சம்?

பொட்டல்காடு:
ஏழு பேருக்கும் ஒரே நாளில் அனுப்பாதீங்க. திரில்லருக்கு ஒரு வாசகர் ஒரு தடவைதான் உதவுவார். கொலைகாரன் யாரென்று தெரிந்தபின் திருத்திய வரைவைப் படிக்கிறவருக்கு, எங்கே சந்தேகம் தட்டியது என்று சொல்ல வராது. மூன்று பேருக்கு இப்போது. மூன்று பேரை அடுத்த வரைவுக்கு ஒதுக்கி வையுங்க, கதையைப் பற்றி அவங்க காதில் ஒரு வார்த்தை விழக்கூடாது. மிச்சமுள்ள ஒருத்தருக்கு மட்டும் முடிவையும் சேர்த்து ஒரு பக்கச் சுருக்கத்தை முதலிலேயே கொடுத்துவிடலாம். துப்புகளை நேர்மையாக விதைத்திருக்கிறீங்களா என்று எண்ணிப் பார்ப்பது அவர் வேலை.

‘எப்படி இருக்கு?’ என்று கேட்டால் ‘நல்லாருக்கு’ என்றுதான் பதில் வரும். ஒவ்வொரு அத்தியாய முடிவிலும் மூன்று கேள்வி வையுங்க: இப்போ யார் மேல் சந்தேகம்? எந்த வரியில் போனை எடுத்துப் பார்த்தீங்க? எந்தப் பாத்திரத்தின் பெயர் மறந்துபோச்சு? ஐந்தாம் அத்தியாயத்திலேயே மூன்று பேரும் சரியான ஆளைக் காட்டினால் துப்பு அதிகம். கடைசிக்கு முந்தின அத்தியாயம் வரை ஒருத்தர்கூட அந்தப் பெயரைச் சொல்லவில்லை என்றால் அதைச் சாமர்த்தியம் என்று நினைச்சிராதீங்க. முடிவைப் படித்ததும் ஏமாத்திட்டான் என்றுதான் புத்தகத்தை மூடுவாங்க.

கூகுள் டாக்ஸில் கருத்து எழுத மட்டும் அனுமதி கொடுத்து, ஆளுக்கொரு தனிப் பிரதி. ஒருத்தர் குறிப்பை இன்னொருத்தர் பார்த்தால் அந்தக் கருத்து ஒட்டிக்கொள்ளும். பாமினி மாதிரிப் பழைய எழுத்துருவில் அடித்திருந்தால் யூனிகோடுக்கு மாற்றிவிட்டு ஒருமுறை முழுக்கப் படிங்க, கொம்பும் காலும் இடம் மாறிக் கிடக்கும். வாரத்துக்கு 3,000 சொல்லுக்கு மேல் வேண்டாம்.

வன்முறைக்கு ‘சில காட்சிகள் மனதைப் பாதிக்கலாம்’ என்று எழுதினால் யாருக்கும் பிரயோஜனமில்லை. ‘அத்தியாயம் 9: கட்டிவைத்துச் சித்திரவதை, அத்தியாயம் 14: குழந்தை மரணம்’ என்று பெயர் சொல்லி எழுதுங்க. கூடவே அந்தக் காட்சியில் கதைக்குத் தேவையானதை இரண்டு வரியில் தனியாகக் கொடுத்துவிட்டால், தாண்டிப் போகிறவரும் தொடர்ந்து படிப்பார்.

திருட்டுப் பயம் கொஞ்சம் அதிகம்தான். 1957 பதிப்புரிமைச் சட்டப்படி எழுதி முடித்ததுமே பதிப்புரிமை உங்களுடையது. பதிவு கட்டாயமில்லை; தகராறு வந்தால் சான்றாக உதவும். ஆனால் வெறும் கருவுக்குக் காப்பு கிடையாது, எழுதிய வடிவத்துக்குத்தான். பிரதியை மின்னஞ்சலில் அனுப்புங்க, தேதி தானாகப் பதிவாகிவிடும். கவனிக்கவேண்டியது வேறு: பின்னால் அமேசான் கிண்டிலில், அங்கே மட்டும் விற்கச் சம்மதிக்கும் கே.டி.பி. செலக்ட் திட்டத்தில் சேர்த்தால் 90 நாளுக்கு மின்வடிவம் வேறெங்கும் இருக்கக்கூடாது. பத்து சதவீத மாதிரிக்கு மேல் இலவசமாகப் பொதுவில் போட்ட அத்தியாயங்களும் அதில் மாட்டும்.

சிந்துபூந்துறை:
அந்த ஒரு பத்தியில் நிலா போக இன்னும் ஆறு ஓட்டை.

குறுக்குத்துறை நெல்லை மாநகரக் காவல் எல்லை. கமிஷனர், துணை கமிஷனர், உதவி கமிஷனர் என்று போகும். டி.எஸ்.பி. மாவட்டக் காவலில்தான். கொலை வழக்கை விசாரிப்பவர் பெரும்பாலும் இன்ஸ்பெக்டர்.

உடல் இரண்டு மணி நேரத்தில் மிதக்காது. உடையில் காற்றுத் தங்கினால் கொஞ்ச நேரம் மேலே நிற்கலாம், பிறகு அடியில் போய்விடும். அழுகல் வாயு சேர்ந்தபின்தான் மேலே வரும்: நம்மூர்க் கோடையில் சுமார் ஒரு நாள், குளிர்ந்த தண்ணீரில் இரண்டு மூன்று நாள். விறைப்பும் அப்படித்தான். இமை, தாடை, கழுத்தில் தொடங்கிக் கீழே இறங்கும். உடல் முழுக்கக் கட்டையாக 12 மணி நேரம் போல ஆகும்.

302 பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துப் பிரிவு. 2024 ஜூலை 1 முதல் நடந்த கொலைக்கு, அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா 103(1). ஆற்றில் கிடைத்த உடலுக்கு முதலில் சந்தேக மரணம் என்று பி.என்.எஸ்.எஸ். (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 194இல் பதிந்து, பிரேதப் பரிசோதனை முடிவு வந்தபின் பிரிவை மாற்றுவதே வழக்கம். முதல் பக்கத்திலேயே ‘கொலை’ என்று அடித்துச் சொன்னால் அந்த மர்மமும் போச்சு.

இரவுப் பரிசோதனை: 2021 நவம்பரில் மத்திய அரசு சூரியன் மறைந்த பின்பும் செய்யலாம் என்று அனுமதித்தபோதே கொலை, தற்கொலை, சந்தேக மரணங்களை விலக்கி வைத்தது. சட்டம் ஒழுங்குச் சிக்கல் இருந்தால் மட்டும் செய்யலாம். உங்க போலீஸ்காரர் ராத்திரியே முடிக்கத் துடிக்கிறார் என்றால் அந்தக் காரணத்தைக் கதைக்குள் கொண்டுவாங்க. அவர் மேலேயே சந்தேகம் விழும்.

சித்திரையில் அங்கே தாமிரபரணி மெலிந்து கிடக்கும். உடலை மறைக்க நினைக்கிறவன் அந்த மாதத்தைத் தேர்ந்தெடுக்க மாட்டான். கார்த்திகை வெள்ளத்துக்கு மாற்றுங்க. குறுக்குத்துறை முருகன் கோயிலே மூழ்குகிற தண்ணீர். உடல் இழுபட்டு மருதூர் அணைக்கட்டையும் தாண்டி ஸ்ரீவைகுண்டத்தில் அமலைச்செடிக்குள் (ஆகாயத்தாமரை) ஒதுங்கட்டும். அது தூத்துக்குடி மாவட்டம், டி.எஸ்.பி.யும் நியாயமாக வந்துவிடுவார். கொலை ஒரு எல்லையில், உடல் இன்னொரு எல்லையில். வழக்கை யார் தலையில் கட்டுவது என்கிற இழுபறி இரண்டு அத்தியாயத்துக்குத் தாங்கும். மூன்றாம் நாளில் விறைப்பு பெரும்பாலும் தளர்ந்திருக்கும். உள்ளங்கைத் தோல் வெளுத்துச் சுருங்கி, கையுறை மாதிரி கழலத் தொடங்கியிருக்கும். செத்தபின் வீசப்பட்டதா என்று எலும்பு மஜ்ஜையில் டயாட்டம் என்ற நுண்பாசியைத் தேடுவாங்க. இருந்தால் மூழ்கும்போது உயிர் இருந்திருக்கலாம். இல்லை என்பதை மட்டும் வைத்து எதையும் அறுதியிட முடியாது, நெரித்த தடயத்துக்குக் கழுத்து எலும்பையும் பார்க்கணும்.

கீழரதவீதி:
பேச்சு வழக்கு பற்றி. ‘மக்கா’ நாகர்கோவில் பக்கம் அதிகம் புழங்குவது. அதிகாரி வாயில் ஒட்டவேயில்லை. ‘வே’ சமமான ஆம்பிளைகளுக்குள், ‘லே’ சின்னவனுக்கோ நெருங்கின சேக்காளிக்கோ. காவலர் அதிகாரியைப் பார்த்து இரண்டையும் சொல்ல மாட்டார். அவர் மூன்றாம் ஆளிடம் ‘ஐயா வந்துட்டாவ’ என்பார், அந்த ‘வ’ ஒன்றே ஊரைக் காட்டிவிடும். அதிகாரியை வெளியூர்க்காரராக வைத்துக்கொண்டால் பாதி வேலை மிச்சம்.

அப்புறம் அந்தக் ‘கோரமாக’வை எடுத்துருங்க. கோரம் என்று நீங்களே சொல்லிவிட்டால் படிக்கிறவனுக்கு என்ன வேலை?

கருக்கல்:
மாற்றியது:

‘தண்ணீர் வடிந்த மூன்றாம் நாள், ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டில் அமலைச்செடியை இழுத்துப்போட வந்தவர்கள் ஒரு கையுறை என்று நினைத்ததை எடுத்துக் கரையில் வைத்தார்கள். ஏட்டையா குனிந்து பார்த்தார். அதில் நகம் இருந்தது. “ஐயா வந்துட்டாவளா?” என்று கேட்டார்.’

ஏழு பேரில் மூன்று பேருக்கு இதோடு முதல் இரண்டு அத்தியாயம் போகிறது.

சிந்துபூந்துறை:
அந்தத் தோலிலிருந்தே விரல்ரேகை எடுக்கலாம். ஏட்டையாவை அதைத் தூக்கிப்போட விட்டுடாதீங்க.