சபையில் உதவி ஊழியம் தொடங்குகிறோம்: ஜெபமும் பொருளுதவியும் ஒரே குழுவிடமா?

புதுக்குழு:
ஏறக்குறைய 150 குடும்பங்கள் உள்ள சபை. வீடு சந்திப்பு, நோயாளி சந்திப்பு, துக்க வீட்டுக்குத் துணை, உலர் உணவுப் பை, அவசரப் பண உதவி எல்லாம் சேர்ந்த ஓர் ஊழியம் தொடங்க 12 பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். சபைக்கு வெளியே இருப்பவர்களும் வரலாம் என்று முடிவாகியிருக்கிறது.

மூன்று விஷயங்களில் தெளிவு வேண்டும். சந்திக்கப் போகிறவரே பண உதவியையும் முடிவு செய்யலாமா? உதவி கேட்டு வருகிறவரிடம் ஜெபம், வேதம் பற்றி எப்போது, எப்படிப் பேசுவது? ஆரம்பத்திலேயே எந்த இடத்தில் இடறுவார்கள்? அனுபவமுள்ள சகோதர சகோதரிகள் சொல்லுங்கள்.

பந்திவிசாரிப்பு:
முதல் கேள்விக்குப் பதில்: கூடாது. சந்திக்கிறவர் கையில் பணமும் இருந்தால், அடுத்த முறை கதவு திறப்பது அவருக்கா பணத்துக்கா என்று யாருக்கும் தெரியாது. இந்தச் சிக்கல் புதிதல்ல. அப்போஸ்தலர் 6-ஆம் அதிகாரத்தில் விதவைகளுக்கான அன்றாடப் பங்கீட்டில் ஒரு சாரார் விடுபட்டதால்தான் முறுமுறுப்பு எழுந்தது. அதற்காகவே ஏழு பேரைத் தனியாக நியமித்தார்கள்.

உங்கள் 12 பேரை இப்படிப் பிரிக்கலாம். எட்டுப் பேர் சந்திப்புக்கு, அதாவது நான்கு ஜோடி. மூன்று பேர் உதவியை முடிவு செய்ய. ஒருவர் பதிவேட்டுக்கும் பொருள் அறைக்கும். ஒரு ஜோடிக்கு நான்கு குடும்பத்துக்கு மேல் வேண்டாம், ஆக மொத்தம் 16. பதினேழாவது குடும்பத்துக்கு உணவுப் பை உடனே போகட்டும், தொடர் சந்திப்புக்குக் காத்திருப்புப் பட்டியலில் பெயர் எழுதுங்கள். இரக்கப்பட்டு 30 குடும்பத்தை ஏற்றுக்கொண்ட குழுக்கள் நான்காம் மாதம் ஒருவரையும் ஒழுங்காகப் பார்ப்பதில்லை.

ஜோடியாகப் போவது பழைய வழக்கம். 1833-இல் பாரிசில் பிரெடெரிக் ஓசனாமும் சக மாணவர்களும் தொடங்கிய வின்சென்ட் தெ பவுல் சபை என்ற கத்தோலிக்கத் தொண்டு அமைப்பு அன்றிலிருந்தே ஏழைகளை அவர்கள் வீட்டிலேயே போய்ப் பார்ப்பதை அடிப்படை வேலையாக வைத்திருக்கிறது. இருவராகப் போவதுதான் அவர்களின் முறை. பாதுகாப்பு மட்டுமல்ல காரணம். ஒருவர் பேசும்போது மற்றவர் கவனிப்பார், பின்னால் பேச்சு வந்தால் சாட்சியும் உண்டு. பெண் தனியாக இருக்கும் வீட்டுக்குப் போகும் ஜோடியில் ஒரு பெண்ணாவது இருக்க வேண்டும். பிள்ளைகளோடு எந்த ஊழியரும் தனியே இருக்கக் கூடாது. போதகருக்கும் இதே விதிதான், விலக்குக் கொடுக்காதீர்கள்.

முதல் சந்திப்பு: போன் செய்து நேரம் கேட்டுப் போங்கள், 40 நிமிடத்தில் எழுந்துவிடுங்கள். வீட்டைச் சுற்றிக் கண்ணை ஓட்ட வேண்டாம். அவர்கள் எதிரில் குறிப்பேட்டைத் திறக்க வேண்டாம். வெளியே வந்து, அன்றே எழுதுங்கள். “குடிகாரர், பொறுப்பில்லாதவர்” என்று தீர்ப்பு எழுதாமல் “மூன்று மாத வாடகை பாக்கி, 15-ஆம் தேதி கெடு” என்று விவரம் எழுதுங்கள். அந்தத் தாளை அவர்களே ஒருநாள் கேட்டு வாங்கிப் படித்தாலும் நீங்கள் தலைகுனியாதபடி இருக்கட்டும்.

அந்த இடத்தில் எந்த வாக்கும் கொடுக்காதீர்கள். “குழுவிடம் சொல்கிறோம், வியாழக்கிழமைக்குள் பதில் வரும்” என்றால் போதும். பதில் ‘இல்லை’ என்றாலும் வியாழக்கிழமை போன் போக வேண்டும். நல்ல குழுக்களின் பெயர் கெடுவது பெரும்பாலும் மறுத்ததால் அல்ல, பதில் சொல்லாமல் விட்டதால்தான்.

கணக்குப்பிள்ளை:
பணப் பக்கம் சொல்கிறேன். இந்த ஊழியத்துக்குத் தனி வங்கிக் கணக்கு வேண்டும், இல்லையென்றால் சபைக் கணக்கிலேயே தனித் தலைப்பு வேண்டும். ‘ஏழைகளுக்கு’ என்று எழுதிக் கொடுத்த காணிக்கையை ஒலிபெருக்கி வாங்கப் புரட்டினால் அது நம்பிக்கைத் துரோகம். அடுத்த மாதம் திருப்பி வைத்துவிடலாம் என்கிற நினைப்பில்தான் எல்லாம் ஆரம்பிக்கிறது.

இரண்டு பேர் கையெழுத்து; அந்த இருவரும் ஒரே குடும்பமாக இருக்கக் கூடாது. வரவுக்கு வரிசை எண் அச்சிட்ட ரசீதுப் புத்தகம். கெட்டுப்போன ரசீதைக் கிழிக்காமல் குறுக்கே கோடு போட்டு அதிலேயே விட்டுவிடுங்கள். காணிக்கையை எண்ணும்போது இரண்டு பேர். மாதம் ஒருமுறை வங்கி அறிக்கையோடு கணக்குப் புத்தகத்தை ஒப்பிட வேண்டும், அதைச் செய்பவர் பணம் வழங்குபவராக இருக்கக் கூடாது.

கூடுமானவரை ரொக்கம் வேண்டாம். வாடகை பாக்கியென்றால் வீட்டு உரிமையாளருக்கே, மின் கட்டணமென்றால் அலுவலகத்துக்கே, பள்ளிக் கட்டணமென்றால் பள்ளிக்கே கட்டிவிட்டு ரசீதைக் கோப்பில் வையுங்கள். ஆனால் கட்டும்போது சபைப் பெயரைத் தம்பட்டம் அடிக்க வேண்டாம். அந்தக் குடும்பம் அந்த உரிமையாளர் முகத்தில் நாளைக்கும் விழிக்க வேண்டும்.

மூவர் குழு வாரம் ஒருமுறை கூடும், நடுவில் அவசரம் வரும். அதற்காக ஒருவரே 24 மணி நேரத்துக்குள் கொடுக்கக்கூடிய ஒரு சிறிய உச்ச வரம்பை முன்கூட்டியே எழுதி வையுங்கள். அடுத்த கூட்டத்தில் மற்ற இருவரும் அதைப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். குழுவில் ஒருவரின் உறவினர் விண்ணப்பித்தால் அவர் எழுந்து வெளியே போக வேண்டும், போனதும் குறிப்பில் ஏற வேண்டும்.

கடன் கொடுக்காதீர்கள். திரும்பி வராது என்பதல்ல விஷயம். கொடுக்க முடியாதவர் வெட்கப்பட்டு ஆராதனைக்கு வருவதை நிறுத்திவிடுவார். கொடுத்தால் கொடையாகக் கொடுங்கள், தொகையைக் குறைத்தாவது.

விதைக்கிறவன்:
எல்லாம் சரி. ஆனால் சுவிசேஷம் சொல்லாமல் பை மட்டும் கொடுத்தால் நமக்கும் மற்ற அறக்கட்டளைகளுக்கும் என்ன வித்தியாசம்? பையோடு ஒரு கைப்பிரதி, ஒரு சிறு ஜெபம், ஞாயிறு ஆராதனைக்கு ஓர் அழைப்பு. இதில் என்ன தவறு?

பந்திவிசாரிப்பு:
சகோதரரே, அழைப்பதில் தவறில்லை, நேரத்தில்தான் தவறு. பசியோடு நிற்கிறவர் ‘ஜெபிக்கலாமா’ என்றால் ‘வேண்டாம்’ என்று சொல்ல முடியாது. மறுக்க முடியாத இடத்தில் வாங்கிய சம்மதம் சம்மதமே அல்ல. 1994-இல் வெளியான பேரிடர் நிவாரண நடத்தை நெறி, மத நிலைப்பாட்டைப் பரப்ப உதவியைப் பயன்படுத்தக் கூடாது என்கிறது. அதை முன்னெடுத்த அமைப்புகளில் செஞ்சிலுவை இயக்கத்தோடு உலகத் திருச்சபைகள் மன்றம், லூத்தரன் உலகக் கூட்டமைப்பு, கத்தோலிக்க உதவி அமைப்பான காரித்தாஸ் ஆகியவையும் உண்டு. ஆக, சபைகள் தங்களுக்கே போட்டுக்கொண்ட வேலி இது.

நடைமுறை எளிது. பொருள் கைமாறி முடியட்டும். பை கொடுக்கும் மேசை ஓர் இடம், ஜெபத்துக்கான நாற்காலி வேறிடம். மேசையில் ஒரு வரி எழுதி வையுங்கள்: “உங்களுக்காக ஜெபிக்க விரும்பினால் உள்ளே ஒருவர் இருக்கிறார்.” விரும்புகிறவர் தாமே வருவார். வீடு சந்திப்பில் ஒரே ஒருமுறை கேட்கலாம்: “உங்களுக்காக ஜெபிக்கட்டுமா, இப்போதா, நாங்கள் எங்கள் வீட்டுக்குப் போன பிறகா?” இந்தக் கடைசி வார்த்தையில்தான் கௌரவமாக மறுக்க வழி இருக்கிறது. ஜெபத்தில் அவர்களின் கடனையும் சண்டையையும் விவரிக்காதீர்கள், பக்கத்து வீட்டுக்குக் கேட்கும். வாராந்தர ஜெபக் குறிப்பிலும் அப்படித்தான்: அனுமதி இல்லாமல் பெயர் வரக் கூடாது. சபைகளில் வம்பு அதிகம் பரவும் வழி ஜெபக் குறிப்புதான்.

பை வாங்கும் படம் எடுப்பது அறவே கூடாது. நன்கொடையாளருக்குக் காட்ட வேண்டுமென்றால் அடுக்கி வைத்த பைகளைப் படம் எடுங்கள்.

வார்டுப்பணி:
நோயாளி சந்திப்பு பற்றி யாரும் எழுதவில்லை, ஆபத்து அங்கேதான் அதிகம்.

10 முதல் 15 நிமிடம் போதும். உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் கை கழுவுங்கள். சளி, இருமல் இருக்கிறவர் அன்று போக வேண்டாம். கட்டிலில் உட்கார வேண்டாம். செவிலியரைக் கேட்காமல் வாய்க்கு எதுவும் கொடுக்காதீர்கள். இதில் திருவிருந்து அப்பமும் அடக்கம். பக்கவாதம் வந்தவர்களுக்கு விழுங்குவதில் சிரமம் இருக்கலாம், சிறு துண்டுகூட மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். ஆக்சிஜன் ஓடும் இடத்தில் மெழுகுவர்த்தி ஏற்றவே கூடாது. அபிஷேக எண்ணெயையும் குழாய்க்கும் முகமூடிக்கும் பக்கத்தில் பூசாதீர்கள், தீப்பிடிக்கும் அபாயம் உண்டு.

‘ஜெபித்தாயிற்று, மாத்திரையை நிறுத்துங்கள்’ என்று எந்த ஊழியரும் சொல்லக் கூடாது. இதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். இன்சுலின், வலிப்பு மருந்து, மனநல மருந்து மூன்றில் எதைத் திடீரென நிறுத்தினாலும் உயிருக்கே ஆபத்து வரலாம்.

உயிரை விட்டுவிடலாம் என்பதுபோல் யாராவது சாடையாகச் சொன்னால் நேராகவே கேளுங்கள்: “தற்கொலை செய்துகொள்ள நினைக்கிறீர்களா?” கேட்பதால் அந்த எண்ணம் முளைப்பதில்லை. ‘ஆம்’ என்றால் தனியே விடாதீர்கள், கைக்கு எட்டும் மருந்து, பூச்சிக்கொல்லி போன்றவற்றை அப்புறப்படுத்தச் சொல்லுங்கள், அவசர உதவிக்கு அழையுங்கள். ‘பாவம்’ என்று புத்தி சொல்லும் நேரம் அதுவல்ல. 1953-இல் லண்டனில் சாட் வாரா என்ற ஆங்கிலிக்கன் குரு சமாரிட்டன்ஸ் என்ற தற்கொலைத் தடுப்புச் சேவையைத் தொடங்கியபோது, அவரைப் பார்க்க வந்து காத்திருந்தவர்களுக்கு தன்னார்வலர்கள் தேநீர் கொடுத்துப் பேச்சுத்துணையாக இருந்தார்கள். அவர்களிடமே பாரத்தை இறக்கிவிட்டுப் பலர் குருவைப் பார்க்காமலே போனார்கள். கேட்கத் தெரிந்தவர் ஒருவர் இருந்தால் அவ்வளவு நடக்கும்.

இதனால்தான் ‘யாரிடமும் சொல்ல மாட்டேன்’ என்று முன்கூட்டியே சத்தியம் செய்யக் கூடாது. “உயிருக்கு ஆபத்து, பிள்ளைக்குத் துன்புறுத்தல், முதியவருக்குக் கொடுமை என்றால் மட்டும் பொறுப்பானவரிடம் சொல்லியே ஆக வேண்டும்” என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

துக்க வீட்டில் அடக்கம் முடியும்வரை கூட்டம் இருக்கும், நீங்கள் தேவைப்படுவது அதற்குப் பிறகு. இரண்டாம் வாரம், ஆறாம் வாரம், மூன்றாம் மாதம், முதல் கிறிஸ்துமஸ், முதல் நினைவு நாள். இந்தத் தேதிகளை நாட்காட்டியில் குறித்துவிடுங்கள். ‘கர்த்தருக்கு அவர் தேவைப்பட்டார்’ என்ற வாக்கியத்தைக் குழுவிலேயே தடை செய்துவிடலாம்.

புதுக்குழு:
நன்றி ஐயா, நன்றி அக்கா. இன்னும் ஒன்று மட்டும். ஒரு குடும்பத்துக்கு உதவியை எப்படி நிறுத்துவது? இரண்டு வருடமாகப் பை வாங்குகிறவரிடம் ‘போதும்’ என்று எப்படிச் சொல்வது?

கணக்குப்பிள்ளை:
முடிவில் சொல்வது கஷ்டம், அதனால் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். முதல் பையை எந்த விசாரணையும் இல்லாமல் கொடுக்கலாம். அதன் பின் மூன்று மாதம், மூன்று மாத முடிவில் சேர்ந்து உட்கார்ந்து பார்ப்போம் என்று தேதி போடுங்கள். அப்போது வேலை, அரசு உதவித்தொகை, கடன் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, எது நகர்ந்தது என்று பாருங்கள். நகர வாய்ப்பே இல்லாதவர்களும் உண்டு: படுக்கையில் இருப்பவர், ஆதரவற்ற முதியவர். அவர்களைக் கால வரம்பிலிருந்து எடுத்துத் தனிப் பட்டியலில் வைத்து, ஆண்டுக்கு ஒருமுறை பார்த்தால் போதும். மற்றவர்களுக்கு வாரம் ஒரு பை என்பது இரு வாரத்துக்கு ஒன்றாகும், பிறகு மாதம் ஒன்றாகும்.

பை நின்ற மாதத்தில் சந்திப்பையும் சேர்த்து நிறுத்திவிடாதீர்கள். அதற்குப் பிறகு குறைந்தது இரண்டு முறையாவது அதே ஜோடி வெறுங்கையோடு போகட்டும்.