இரட்டை நியூட்டோனியனில் ஐபீஸைச் சாய்க்கலாமா?

வானமுதன்: இரு கண்ணாலும் பார்க்க நியூட்டோனியன் (குழிக்கண்ணாடியால் ஒளியைக் குவிக்கும் தொலைநோக்கி) இரண்டு: 250 மி.மீ. கண்ணாடி, எஃப்/5 (குவியத்தூரம் அதன் அகலத்தைப் போல ஐந்து மடங்கு), குழல்கள் பக்கத்தில் பக்கம். செகண்டரி (குழலுக்குள் சாய்வாக நிற்கும் இரண்டாம் கண்ணாடி) ஒளியை இரு குழலுக்கும் நடுப்பக்கமாக அனுப்புகிறது. மூன்றாம் கண்ணாடி அதைக் குழலுக்கு இணையாக வானை நோக்கித் திருப்புகிறது. வானத்துக்கு முதுகு காட்டித்தான் பார்க்க வேண்டும். குழல் அடிவானிலிருந்து 60 பாகைக்கு மேல் நிமிர்ந்தால் தலை முழுக்கக் கவிழும், கழுத்து தாங்காது. மூன்றாம் கண்ணாடியைத் திருகி ஐபீஸை (கண் வைக்கும் வில்லைத் தொகுதி) 30 பாகை சாய்த்துவிடலாமே?

தேய்ப்புக்கல்: கூடவே கூடாது நண்பரே. இணையாக இருக்கும்வரைதான் இரு படமும் ஒரே நிலையில் நிற்கும். 30 பாகை சாய்த்தால் ஒன்று இடமாக 30, மற்றது வலமாக 30 சுழலும். வித்தியாசம் 60. அலைன்மென்ட் திருகு படத்தை நகர்த்தும், சுழற்றாது. இணையாகவே விடுவதில் ஒரு லாபமும் உண்டு: செகண்டரியும் மூன்றாம் கண்ணாடியும் உள்ள மேல்கூண்டைச் சுழற்றியே இரு ஐபீஸின் இடைவெளியைக் கண்ணுக்கு ஏற்ப மாற்றலாம், ஃபோகஸ் அசையாது. செகண்டரிக்கும் மூன்றாம் கண்ணாடிக்கும் 230 மி.மீ., அந்தக் கை கிடைமட்டத்திலிருந்து 30 பாகை விலகியது என்றால் ஒரு பாகை சுழற்றினால் ஒவ்வொரு பக்கமும் 2 மி.மீ. கிடைக்கும்.

வானமுதன்: கணக்கு சரி. ஆனால் கழுத்து வலியோடு மங்கலான நெபுலாவை யார் பத்து நிமிடம் உற்றுப் பார்ப்பார்? மூன்றாம் கண்ணாடி இணையாகவே இருக்கட்டும். அதற்குப் பிறகு இரண்டு பக்கமும் ஒன்றேகால் அங்குல டயாகனல் (ஒளியை 90 பாகை மடிக்கும் சிறு கண்ணாடி) போடுகிறேன். அது செங்குத்துத் தளத்தில் மடிப்பதால் இரு படமும் ஒத்தே இருக்கும். மூன்றாக இருந்த எதிரொளிப்பு நான்காவதால் இடவலமாற்றமும் போகும், சாதாரண வரைபடமே போதும். ஐபீஸ் குழல்களின் மேற்புறம் வர வேண்டும். அப்போது வானத்தைப் பார்த்தபடியே உட்காரலாம். உச்சியில் பார்வை கிடைமட்டம், 60 பாகையில் 30 பாகை கீழ்நோக்கி.

தேய்ப்புக்கல்: அந்த டயாகனல் 70 மி.மீ. ஒளிப்பாதை தின்னும். எஃப்/5இல் அதற்காகச் செகண்டரியை 14 மி.மீ. பெரிதாக்க வேண்டும்: 80 இருந்தது 94, முதன்மைக் கண்ணாடியின் அகலத்தில் அது மறைப்பது 32 சதவீதத்திலிருந்து 38 ஆகும். வியாழனின் பட்டைகளில் கான்ட்ராஸ்ட் குறையும்.

வானமுதன்: இரட்டைக் குழல் வைப்பது கோளுக்காகவா? இரு கண்ணும் சேர்ந்தால் மங்கல் பொருளில் கான்ட்ராஸ்ட் உணர்வு சுமார் 1.4 மடங்கு. அதை உட்கார்ந்து அனுபவிக்க முடியாவிட்டால் என்ன பயன்?

தேய்ப்புக்கல்: கோளுக்கும் வேண்டும் என்பவர் இதைத் தொடாதீர்கள். போடுவதானால் டயாகனலின் பேரலில் (செருகும் குழாயில்) ஊசி வைத்துப் பூட்டுங்கள். ஒரு பாகை சுழன்றாலும் படமும் சுழலும், பார்வை பக்கவாட்டிலும் விலகும். கண்கள் உள்நோக்கிச் சேர்வதைப் பொறுக்கும், வெளிநோக்கி விரிவதைப் பொறுக்காது. 60 மி.மீ. அகல உடல் கொண்ட ஐபீஸும் வேண்டாம், 63 மி.மீ. கண் இடைவெளியில் மூக்குக்கு இடமிருக்காது.