ஃப்ளாட்வவுண்ட் என்றால் கிழவர் கம்பியா?

மந்தரத்தந்தி: "பேஸ் கிட்டாரில் ஃப்ளாட்வவுண்ட் (தட்டை நாடா சுற்றிய வழுவழுப்பான கம்பி) போட்டால் சத்தம் செத்துவிடும், அது கிழவர்கள் கம்பி" என்று நேற்று இங்கே ஒரு மேதை எழுதியிருந்தார். பேஸிஸ்ட் ஜேம்ஸ் ஜேமர்சன் மோட்டவுன் இசை நிறுவனத்தில் வாசித்ததெல்லாம் லா பெல்லா கம்பெனி ஃப்ளாட்வவுண்ட். அறுந்தாலொழிய மாற்றவும் மாட்டார். அதுவா செத்த சத்தம்?

நாலுகம்பி: மேதை நான்தான், பெயர் சொல்லியே திட்டலாம். ஜேமர்சன் பிரிட்ஜ் (கம்பியைத் தாங்கும் பாகம்) மூடிக்குள் ஃபோம் வைத்து வாசித்தவர். அவருக்கு வேண்டியதே அமுங்கின சத்தம். 60களில் தி ஹூ ராக் குழுவின் பேஸிஸ்ட் என்ட்விஸில் ரோட்டோசவுண்ட் கம்பி நிறுவனத்தோடு சேர்ந்து ரவுண்ட்வவுண்டை (உருண்டை இழை சுற்றிய கம்பி) சரிசெய்த பிறகுதான் பேஸ் இருப்பதே ஊருக்குக் கேட்டது.

மந்தரத்தந்தி: அப்போ அயர்ன் மெய்டன் ராக் குழுவின் பேஸிஸ்ட் ஸ்டீவ் ஹாரிஸ்? ரோட்டோசவுண்ட் அவர் பெயரில் விற்கும் செட்டே ஃப்ளாட்வவுண்ட். அயர்ன் மெய்டனின் அந்தக் கடகடப்பு கிழவர் சத்தமா?

நாலுகம்பி: அது விரல். ஃப்ரெட்டில் (விரல்பலகையில் பதித்த உலோகக் கட்டை) கம்பி மோதுகிற அளவுக்கு அடிக்கிறார்.

மந்தரத்தந்தி: கம்பி ஃப்ளாட்டா, இல்லையா?

ஃப்ரெட்டில்லாதான்: என் பாடு வேறு. ஃப்ரெட்டே இல்லாத ஃப்ரெட்லெஸ் பேஸில் ரவுண்ட்வவுண்ட் போட்டால் விரல்பலகையைத் தின்றுவிடுகிறது. அந்தச் செலவை யாரும் பேசுவதில்லை.

நாலுகம்பி: பேஸிஸ்ட் ஜாக்கோ பாஸ்டோரியஸ் ஃப்ரெட்லெஸ்ஸில் போட்டது ரோட்டோசவுண்ட் ரவுண்ட்வவுண்ட், தம்பி.

ஃப்ரெட்டில்லாதான்: அதனால்தானே பலகை மேல் படகுக்குப் பூசும் எபாக்சி பிசினைப் பூசினார், அண்ணா? நீங்கள் சொன்னது எனக்குத்தான் சாதகம்.

மந்தரத்தந்தி: ஜாக்கோவை இழுத்து நழுவ வேண்டாம். ஸ்டீவ் ஹாரிஸ். ஃப்ளாட்டா, இல்லையா?

நாலுகம்பி: ஃப்ளாட்தான், போதுமா! ஆனால் அவர் விதிவிலக்கு. நீங்கள் அவர் மாதிரி வாசிக்கிறீர்களா? போன மாதம் ஏற்றிய பதிவைக் கேட்டேன். கிக் டிரம்முக்குள் முங்கிக் கிடந்தது.

மந்தரத்தந்தி: அது மிக்ஸ் செய்தவர் கோளாறு. பழைய ரவுண்ட்வவுண்டை வெந்நீரில் கொதிக்க வைத்துத் திரும்ப மாட்டுகிற ஆள் என் டோனைப் பற்றிப் பேசுகிறார்!

நாலுகம்பி: கொதிக்க வைத்தால் அழுக்கு போய் மினுமினுப்பு திரும்புகிறது. புது செட் விலை தெரியுமா உங்களுக்கு?

மந்தரத்தந்தி: ஃப்ளாட் ஒன்று போட்டால் வருடக்கணக்கில் மாற்ற வேண்டாம். விலைக் கணக்கும் என் பக்கம்தான்.

ஃப்ரெட்டில்லாதான்: வாங்கும்போது ஃப்ளாட்தானே விலை அதிகம்?

மந்தரத்தந்தி: தம்பி, நீங்கள் யார் பக்கம்?

நாலுகம்பி: தம்பி உண்மை பக்கம். அது சரி, நீங்கள் எனக்கு விற்ற ஆம்பில் ஸ்பீக்கர் இரைகிறது. அதற்கும் ஸ்டீவ் ஹாரிஸ்தான் காரணமா?

மந்தரத்தந்தி: உங்கள் வீட்டு எர்த் வயரைப் பாருங்கள். ஹாரிஸ் ஃப்ளாட் என்று ஒப்புக்கொண்டாயிற்று, எல்லோரும் குறித்துக்கொள்ளுங்கள்.

நாலுகம்பி: விதிவிலக்கு என்றும் எழுதியிருக்கிறேன், அதையும் சேர்த்துக் குறிக்கச் சொல்லுங்கள்.