தேயிலை பெக்டரியில் எந்தத் தீக்கு எந்தத் தீயணைப்புச் சிலிண்டர்? – அனுபவப் பகிர்வு

ஹட்டன், பெக்டரி பராமரிப்பு:
வாசலில் ஒரு பவுடர் சிலிண்டரைத் தொங்கவிட்டால் போதும் என்ற நினைப்பு இங்கே அதிகம். பல வகைத் தீக்கும் பொதுவான ஏபிசி பவுடர் மின்பெட்டித் தீயையும் அமர்த்தும்தான். ஆனால் அதிலுள்ள அமோனியம் பொசுபேற்று நம் மலை ஈரத்தை இழுத்துச் செம்பை அரிக்கும். தீயில் தப்பிய பெட்டி அரிப்பில் போய்விடும். மின்பெட்டி, மோட்டார் பக்கம் கறுப்புப் பட்டி போட்ட காபனீரொட்சைட்டுச் சிலிண்டரை வையுங்கள். முதலில் மெயின் சுவிட்சை அணைக்க வேண்டும். அடிக்கும்போது வாயு வெளிவரும் கூம்பைக் கையால் பிடிக்கக் கூடாது. வெளியே வருவது -78 பாகைக் குளிர், தோல் வெந்துபோகும். சின்ன அறையென்றால் அடித்ததும் வெளியே வந்துவிடுங்கள், மூச்சு முட்டும்.

பண்டாரவளை:
தேயிலை உலர்த்தும் ட்ரையருக்குள் தேயிலைத் தூள் பற்றினால் அதே காபனீரொட்சைட்டு ஏமாற்றிவிடும். சுவாலை அடங்கும், கங்கு அடங்காது. வாயு கலைந்ததும் மறுபடி பிடிக்கும். கொழுந்து போடுவதையும் விசிறியையும் உடனே நிறுத்தி, கரண்டைத் துண்டித்த பிறகு தண்ணீரை மெல்லிய தூறலாக விடுங்கள். பலமாகப் பீய்ச்சினால் தேயிலையின் பஞ்சுத் தூசி கிளம்பிப் பறக்கும் தீயாகிவிடும். விறகு அடுக்குக்கும் தண்ணீர்தான். ஜெனரேட்டர் டீசலுக்குக் கிறீம் பட்டி நுரை, ஆனால் கரண்ட் ஓடும் இடத்தில் அதைத் தொடாதீர்கள்.

நுவரெலியா:
லயக் காம்பராவில் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டு அறையில்) தாச்சி எண்ணெய் பற்றினால் தண்ணீர் ஊற்றவே கூடாது, எண்ணெய் வெடித்துச் சிதறும். அடுப்பை அணைத்து, மூடியால் மூடி, ஆறும்வரை திறக்காமல் விடுங்கள். பவுடர் அடித்தாலும் எண்ணெயின் சூடு இறங்காததால் திரும்பப் பிடிக்கும். அதற்கென்றே மஞ்சள் பட்டி ஈர இரசாயனம் இருக்கிறது, கன்டீனுக்கு ஒன்று வாங்கலாம். கேஸ் கசிந்து எரிந்தால் வால்வை மூடுவதுதான் முதல் வேலை. மூட முடியாதபோது சுவாலையை அணைத்தால் கேஸ் தரையோடு தேங்கி வெடிக்கும், ஆட்களை வெளியேற்றுங்கள்.

ஹட்டன் (மீண்டும்):
பராமரிப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. காபனீரொட்சைட்டுச் சிலிண்டரில் அழுத்தமானி கிடையாது, எடை நிறுத்துத்தான் பார்க்க வேண்டும். 5 கிலோ வாயுவில் அரைக் கிலோ குறைந்தாலே நிரப்பக் கொடுங்கள். பவுடரில் அழுத்தமானி முள் பச்சையில் நின்றாலும் உள்ளே தூள் கட்டியாகியிருக்கலாம். ஈரத் தரையில் வைத்தால் அடிப்பாகம் துருப்பிடிக்கும், சுவரில் மாட்டுங்கள். 6 கிலோ பவுடர் 15–20 வினாடிதான் வரும். 2–3 மீற்றர் தள்ளி நின்று, வெளியே போகும் வழி முதுகுப்பக்கம் இருக்கப் பாதுகாப்புப் பின்னை இழுத்து, தீயின் அடியில் இடம் வலமாக வீசுங்கள்.