4051 ஐசி: ஒரு சேனலின் ரீடிங் இன்னொன்றில் ஒட்டிக்கொண்டு வந்தால்

4051 என்பது எட்டு அனலாக் சேனல்களில் ஒன்றைத் தேர்ந்து ஒரே காலுக்கு இணைக்கும் சுவிட்ச் ஐசி. அதற்கு அதிகம் வரும் புகார் இதுதான்: சேனல் 2-இல் 5 வோல்ட் இருந்தால் சேனல் 3-இன் ரீடிங்கும் கூடவே ஏறுகிறது. ஐசி போய்விட்டது என்று கழற்றுவதற்கு முன் 3-ஆம் காலைப் பாருங்கள். எட்டு சேனலுக்கும் பொதுவான கால் அது. ரீடிங் ஆடுகிறதே என்று அங்கே 100 நானோ ஃபாரட் கெப்பாசிட்டர் வைத்திருந்தால், கோளாறு அதில்தான்.

உதாரணமாக, 10 கே தெர்மிஸ்டரையும் (வெப்பத்துக்கேற்ப ரெசிஸ்டன்ஸ் மாறும் சென்சார்) 10 கே ரெசிஸ்டரையும் டிவைடராகப் போட்டால் 25 டிகிரியில் சோர்ஸ் ரெசிஸ்டன்ஸ் 5 கே. 100 நானோவோடு சேர்ந்து டைம் கான்ஸ்டன்ட் (கெப்பாசிட்டரின் சார்ஜ் மாற எடுக்கும் நேரத்தின் அளவு) 0.5 மில்லிசெகண்ட் ஆகிறது. 10 பிட் துல்லியம் வேண்டுமானால் அதைப்போல் 7.6 மடங்கு, அதாவது கிட்டத்தட்ட 4 மில்லிசெகண்ட் பொறுக்க வேண்டும். ஆர்டுயினோ ஊனோவின் ஏடிசி-யோ (வோல்ட்டேஜை எண்ணாக மாற்றும் பகுதி) 0.1 மில்லிசெகண்டில் ரீடிங்கை எடுத்து முடித்துவிடும். முந்தைய சேனலின் சார்ஜ் அதற்குள் இறங்கியிருக்காது. சேனல் மாற்றியதும் 5 மில்லிசெகண்ட் டிலே கொடுத்துப் பாருங்கள். ரீடிங் சரியானால் காரணம் உறுதி.

கெப்பாசிட்டரை இடம் மாற்றினால் போதும். ஒவ்வொரு சேனல் காலிலும் தனித்தனியாக 100 நானோ வையுங்கள். பொதுக்காலில் மிஞ்சுவது ஐசி-யின் 30 பைக்கோ, ஏடிசி-யின் 14 பைக்கோ, சுமார் 44 பைக்கோதான். முந்தைய சேனலில் 5 வோல்ட் இருந்தாலும் அது புது சேனலை 2.2 மில்லிவோல்ட்தான் அசைக்கும். ஏடிசி-யின் ஒரு படியே 4.88 மில்லிவோல்ட். டிலேயும் வேண்டாம்.

* * *

மேலே அண்ணா சொன்னபடி கெப்பாசிட்டரை மாற்றியும் ரீடிங் ஆடினால் 6-ஆம் காலைப் பாருங்கள். எல்லா சேனலையும் மொத்தமாக அணைக்கும் கால் அது. அதைக் கிரவுண்டில் கட்டாமல் அந்தரத்தில் விட்டால், விரல் பக்கத்தில் போனால்கூட எல்லா சேனலும் அணைந்து அணைந்து வரும்.

கால் வரிசையிலும் கவனம் தேவை. சேனல் 0 முதல் 7 வரை 13, 14, 15, 12, 1, 5, 2, 4 என்று தாறுமாறாக இருக்கும். முதல் கால் சேனல் 4, சேனல் 0 அல்ல.

ஈஎஸ்பி32 வைத்திருப்பவர்கள் சிடி4051-க்கு 5 வோல்ட் சப்ளை கொடுக்காதீர்கள். சேனலைத் தேர்வு செய்யும் செலக்ட் கால்களுக்கு அப்போது 3.5 வோல்ட் தேவை. ஈஎஸ்பி தருவது 3.3. மேஜையில் ஓடும், வெயிலில் பெட்டிக்குள் வைத்தால் சேனல் தவறலாம். 74ஹெச்சி4051 வாங்கி 3.3 வோல்ட்டிலேயே ஓட்டுங்கள். அந்த ஏடிசி-க்கு அதற்கு மேல் கொடுக்கவும் கூடாது.

* * *

இன்னொன்றும் உண்டு சார். தேர்வு செய்யாத சேனலில் சப்ளையைத் தாண்டி அரை வோல்ட் ஏறினாலே, ஐசி-க்குள்ளேயே கரண்ட் கசிந்து, தேர்வு செய்த சேனலின் ரீடிங்கைக் கெடுக்கும். நீள ஒயரில் வரும் சென்சார்களில் இது சகஜம். எவ்வளவு டிலே கொடுத்தாலும் போகாது. சேனலுக்கு முன் 10 கே சீரிஸ் ரெசிஸ்டர், அதையடுத்து சப்ளைக்கும் கிரவுண்டுக்கும் பிஏடி54எஸ் ஷாட்கி டையோடு. இடமில்லை என்றால் 74ஹெச்சி4851 போடலாம். கால் வரிசை அதேதான், ஆனால் நெகட்டிவ் சப்ளை கிடையாது.

ஆகவே ஆடியோவுக்கு அது ஆகாது. அங்கே 4051-இன் நெகட்டிவ் சப்ளை காலான 7-ஆம் காலுக்கு மைனஸ் 5 வோல்ட் கொடுங்கள். கிரவுண்டில் கட்டினால் சிக்னலின் கீழ்ப்பாதி வெட்டுப்படும். 74ஹெச்சி வகையில் பாசிட்டிவ் சப்ளை காலான 16-க்கும் 7-க்கும் நடுவே 10 வோல்ட்டைத் தாண்டக் கூடாது. சேனல் மாறும்போது 'டப்' சத்தம் வந்தால், கப்ளிங் கெப்பாசிட்டருக்குப் பிறகு ஒவ்வொரு சேனலிலிருந்தும் கிரவுண்டுக்கு 1 மெக் ரெசிஸ்டர் போடுங்கள்.