விழுந்த பல்லும், குறைந்துபோன வலியும்

போன வருடம் மே மாதம், தெருவில் கிரிக்கெட் ஆடும்போது மட்டை பட்டு என் மகனுக்கு மேல் முன்பல் வேரோடு கழன்று விழுந்துவிட்டது. 11 வயது. அவன் அழவே இல்லை. குழியை நாக்கால் துழாவிக்கொண்டு நின்றான். கூட ஆடிய பையன்தான் மண்ணோடு பல்லைப் பொறுக்கி வந்தான்.

மாமியார் முந்தானையால் அழுத்தித் துடைக்கப் போனார். அதற்குள் பல் டாக்டர் போனை எடுத்துவிட்டார். “வேரைத் தொடாதீங்க, வெள்ளைப் பக்கமா பிடிங்க. தேய்க்காம பத்து செகண்ட் தண்ணியில காட்டி, குழியிலயே திருப்பி வைங்க” என்றார். எனக்குக் கை நடுங்கியது, முடியவில்லை. “சரி, ஆறின பால்ல போட்டு உடனே வாங்க.” டம்ளரைப் பிடித்துக்கொண்டே ஆட்டோவில் போனோம்.

வேரைச் சுற்றியுள்ள மெல்லிய சவ்வு காய்ந்தால் பல் பழையபடி ஒட்டாதாம். ஒரு மணி நேரம் வெளியில் காய்ந்து கிடந்தாலே சிரமம் என்றார். நாங்கள் 35 நிமிடத்தில் போய்விட்டோம். பக்கத்துப் பற்களோடு சேர்த்து 2 வாரம் கம்பி கட்டினார்கள், டெட்டனஸ் வராமலிருக்க டிடி ஊசி, அப்புறம் வேர் சிகிச்சை. இன்றுவரை பல் நிற்கிறது.

*

உங்கள் மகன் பல் நின்றதில் அவ்வளவு சந்தோஷம். எங்கள் வீட்டில் நாங்கள் தாமதித்துவிட்டோம்.

அப்பாவுக்குக் கீழ்க் கடைவாய்ப்பல் வலி. நாலு நாள் கிராம்புத் தைலம், மெடிக்கலில் வாங்கிய மாத்திரை, உப்பு ஒத்தடம். ஐந்தாம் நாள் வலி குறைந்ததும் நிம்மதியாகிவிட்டோம். அன்று மாலை பார்த்தால் தாடைக்கு அடியில் கழுத்துவரை பலகை போல இறுகிய வீக்கம். எச்சிலை விழுங்க முடியாமல் துண்டில் துடைத்துக்கொண்டே இருந்தார். பேச்சு குழறியது, படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று உட்கார்ந்தே இருந்தார்.

பல் கிளினிக்குக்குப் போகாமல் நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனதுதான் அவரைக் காப்பாற்றியது. தொற்று நாக்குக்கு அடியில் பரவி மூச்சுப் பாதையையே அடைக்கப் பார்த்திருக்கிறது. அன்றிரவே கீறிச் சீழை வெளியேற்றினார்கள். வீக்கத்தோடு காய்ச்சல், விழுங்கச் சிரமம், வாய் திறக்க முடியாமை, இதில் எது வந்தாலும் விடியட்டும் என்று இருக்காதீர்கள்.

*

முதலில் எழுதியவருக்கு ஒன்று. திருப்பி வைப்பது பால் பல்லுக்குப் பிறகு முளைக்கும் நிலையான பல்லுக்கு மட்டும்தான். என் மகளுக்கு 4 வயதில் பால் பல் விழுந்தபோது நானும் குழியில் வைக்கப் போனேன். உள்ளே வளரும் புதுப் பல்லுக்குச் சேதமாகும் என்று டாக்டர் தடுத்துவிட்டார். சுத்தமான துணியை அழுத்திப் பிடித்ததில் ரத்தம் நின்றது. பல்லை மட்டும் டப்பாவில் போட்டு டாக்டரிடம் எடுத்துப் போனோம், துண்டு எதுவும் உள்ளே தங்கவில்லை என்று பார்ப்பதற்காக.