கடலில் 18 மீட்டர் ஆழத்தில் எடுத்த படமெல்லாம் பச்சையாக வருகிறது, லைட் போட்டால் வெள்ளைப் புள்ளி – என்ன செய்வது?

கேட்டவர்: கரையோரன்
புதுச்சேரியில் டைவ் போனேன். ஆக்‌ஷன் கேமராவுக்கு நேர் மேலே சின்ன வீடியோ லைட் மாட்டியிருந்தேன். 18 மீட்டரில் எல்லாமே பச்சை, கூட வந்தவரின் வெட்சூட்டில் இருக்கும் சிவப்புப் பட்டை கறுப்பாகத் தெரிகிறது. லைட் போட்டால் படம் முழுக்க வெள்ளைப் புள்ளி. எடிட்டிங்கில் சிவப்பைக் கூட்டினால் மணல் தூவிய மாதிரி ஒரே பொரிப்பொரி. பெரிய லைட் வாங்கலாமா?

ஆழ்துளை:
இப்போதைக்கு வாங்காதீங்க. தண்ணீர் முதலில் விழுங்குவது சிவப்பைத்தான், 5 மீட்டரிலேயே பெரும்பகுதி போய்விடும், 18-இல் கேமராவுக்குப் பதிவு பண்ணவே சிவப்பு இல்லை. இல்லாததைக் கூட்டினால் பொரிதான் வரும். லைட்டின் ஒளி போய்த் திரும்பும் தூரத்திலும் இதே கதைதான், அதனால் மீனிடம் ஒரு மீட்டருக்குள் போங்க, நிறம் தானாக வரும். ஃப்ளோரசன்ட் ஆரஞ்சு மிதவை மட்டும் அந்த ஆழத்திலும் பளிச்சென்று இருக்கும், கவனிச்சீங்களா? நீல ஒளியை வாங்கி அது ஆரஞ்சாகத் திருப்பிவிடுகிறது.

சங்குமுகம்:
புள்ளி வேறு பிரச்சினை. மார்கழிப் பனியில் ஹை பீம் போட்ட மாதிரி, லென்ஸுக்கும் மீனுக்கும் நடுவில் மிதக்கிற தூசும் பிளாங்க்டன் என்கிற நுண்ணுயிர்களும் ஒளியை நேராக லென்ஸுக்கே திருப்பி அனுப்புகின்றன. லைட்டைக் கை நீளத்துக்குப் பக்கவாட்டில் தள்ளி, கொஞ்சம் வெளிப்பக்கமாகத் திருப்புங்க, ஒளியின் ஓரம் மட்டும் மீன்மேல் பட்டால் போதும். மீன் தூரத்தில் இருந்தால் அணைத்துவிடுங்க. அப்புறம் தரையை ஒட்டிக் கால் உதைக்காதீங்க, பாதிப் புள்ளி நாமே கிளப்பிய மண்.

கரையோரன்:
நன்றி அண்ணா. லென்ஸ்மேல் சிவப்பு ஃபில்டர் போட்டால்?

ஆழ்துளை:
ஃபில்டர் சிவப்பை உண்டாக்காது, மற்ற நிறங்களைக் குறைக்கும், அவ்வளவுதான். அந்த ஆழத்தில் கலங்கல் தண்ணீரில் படம் இன்னும் இருட்டாகும். அந்தமான் மாதிரி நீலத் தண்ணீருக்குத்தான் சிவப்பு, பச்சைத் தண்ணீருக்கு மெஜந்தா (ஊதா கலந்த சிவப்பு). லைட் போடும்போது இரண்டுமே வேண்டாம்.

சங்குமுகம்:
எந்த மாதம் போனீங்க?

கரையோரன்:
நவம்பர் கடைசி.

சங்குமுகம்:
அதான். வடகிழக்குப் பருவமழையில் ஆற்று வண்டலெல்லாம் கடலில்தான் இருக்கும். லைட்டைத் தள்ளி மாட்டிக்கொண்டு பிப்ரவரிக்கு மேல் போய்ப் பாருங்க.